மனிதனுக்கு யாமலாம்!

"யாமல் மனிதனுக்கு, ஜேசான் மெஷினுக்கு, எக்ஸ்எம்எல் மியூசியத்துக்கு."

நெட்வொர்க் ஆட்டோமேஷன் பயிற்சி என்று எங்கே போய் உட்கார்ந்தாலும் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இந்த வாசகம் திரையில் வந்துவிடும். வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டுப் பயிற்றுநர் அடுத்த ஸ்லைடுக்குப் போவார். ஏன், எப்படி என்று அவரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. வருடக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூன்று தரவு வடிவங்களைப் பற்றி மூன்று துண்டு வாசகம், மூன்றுமே தப்பு.

சில்லறை வாதங்களை முதலில் தீர்த்துவிடலாம். எக்ஸ்எம்எல் இடத்தை அடைக்கிறது என்பார்கள்: ஜிஜிப் போடுங்கள், திரும்பத் திரும்ப வரும் டேக் எல்லாம் சுருங்கிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பார்கள்: ரவுட்டருக்குக் கண் கிடையாது. ஒரே ஒரு இன்டர்ஃபேஸ் இருந்தால் அது லிஸ்டாக வராமல் டிக்‌ஷனரியாக வந்து ஸ்கிரிப்டைக் கவிழ்க்கிறது என்பார்கள்: அது எக்ஸ்எம்எல்லை டிக்‌ஷனரியாக மாற்றும் பைத்தான் நூலகத்தின் வேலை. அதைத் தவிர்க்க அந்த நூலகத்திலேயே வழி இருக்கிறது. கையேட்டைப் புரட்டினால் தெரியும்.

இனி மனிதனுக்கு வருவோம்.

கியூஎம்யூவில் மேக் முகவரி எதையும் குறிப்பிடாமல் ஒரு மெய்நிகர் இயந்திரத்தைக் கிளப்பினால், அதன் முதல் நெட்வொர்க் கார்டுக்கு அது தானாகவே போடும் முகவரி 52:54:00:12:34:56. லேப் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய எண்தான். இதை ஒரு யாமல் கோப்பில், மேற்கோள்குறி இல்லாமல், அப்படியே எழுதுங்கள். பைத்தான்காரர்கள் வழக்கமாக எடுக்கும் பையாமல் நூலகத்தைக் கொண்டு அந்தக் கோப்பைப் படியுங்கள். கைக்கு வருவது மேக் முகவரி அல்ல; 41135085296 என்ற முழு எண்.

பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. நூலகம் தவறு செய்யவும் இல்லை, யாமல் 1.1 வரையறையில் உள்ளபடிதான் நடந்துகொண்டது. முக்காற்புள்ளியால் பிரித்து எழுதிய எண்களை 60-ஐ அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொள் என்று அந்த வரையறை சொல்கிறது. மணி, நிமிடம், விநாடி எழுத வசதியாக இருக்கட்டுமாம். ஆகவே 52-ஐ 60-இன் ஐந்தாம் அடுக்கால் பெருக்கி, 54-ஐ நான்காம் அடுக்கால் பெருக்கி, அப்படியே கடைசி 56 வரைக்கும் கூட்டி, ஒரு நெட்வொர்க் கார்டின் அடையாளத்தை நாலாயிரத்துச் சொச்சம் கோடியாக்கித் தருகிறது.

இதில் கொடுமை, எல்லா மேக் முகவரிக்கும் இப்படி நடக்காது என்பதுதான். நடுவில் ஒரு ஏ, ஒரு எஃப் இருந்தால் போதும், ஒழுங்காக ஸ்ட்ரிங்காகவே வரும். முதல் இலக்கம் பூஜ்யமாக இருந்தால் தப்பித்தது. முதல் ஜோடிக்குப் பிறகு எங்கேயாவது ஒரு ஜோடி 59-ஐத் தாண்டினாலும் தப்பித்தது. ஆகவே நூறு முகவரி எழுதிய கோப்பில் தொண்ணூற்றொன்பது சரியாக வரும். நூறாவது மட்டும் எண்ணாகி நிற்கும். சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் பச்சையாக இருக்கும். நள்ளிரவு மெயின்டனன்ஸ் விண்டோவில், ஒரே ஒரு சுவிட்சில் மட்டும், ஏன் என்றே தெரியாமல் நிற்கும். தேடுகிறவர் கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கே முகவரி முத்து முத்தாக, சரியாகவே எழுதியிருக்கும். மனிதன் வாசிப்பது ஒன்று, மெஷின் வாசிப்பது வேறொன்று. இதற்குப் பெயர் மனிதனுக்கு உகந்த வடிவம்!

மேக் முகவரியோடு முடியவில்லை. விலேனுக்கு அழகாக மூன்று இலக்கத்தில் 010 என்று எழுதினால் அது எட்டாகிவிடும்; முன்னால் பூஜ்யம் இருப்பதால் எண்ம முறை. புள்ளி வைத்து எழுதும் ஏஎஸ் எண் 1.10 என்றால் அது தசமமாகி 1.1 என்று நிற்கும். முதலாவது 65546, இரண்டாவது 65537. பிஜிபியில் நீங்கள் கைகுலுக்கப் போவது வேறு யாருடனோ. கிளை அலுவலகப் பட்டியலில் நார்வேயின் இரண்டெழுத்துக் குறியான என்ஓ-வைப் போட்டால் நாடே ஃபால்ஸ் ஆகிவிடும். இது ஊரறிந்த கதை, நார்வே பிரச்சினை என்று பெயரே வைத்துவிட்டார்கள். நோ ஷட்டவுன், நோ ஸ்விட்ச்போர்ட் என்று நாள் முழுக்க நோ தட்டுகிற கூட்டத்துக்கு இந்த வடிவத்தைப் பரிந்துரைத்த தைரியத்தைத்தான் மெச்ச வேண்டும்.

"யாமல் 1.2-இல் இதையெல்லாம் சரிசெய்துவிட்டார்களே" என்பார்கள். பெரும்பாலும் சரிசெய்தார்கள், 2009-இல். பையாமல் இன்னும் 1.1-ஐத்தான் பின்பற்றுகிறது, ஆன்சிபிள் யாமலைப் படிப்பது பையாமல் வழியாகத்தான். "மேற்கோள்குறி போட்டுவிட்டால் போயிற்று" என்பார்கள். எதற்குப் போட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை யார் நினைவில் வைத்துக்கொள்வது? எல்லாவற்றுக்கும் போடு என்றால், அது அடைப்புக்குறி உதிர்ந்த ஜேசான். மனிதனுக்கு இதில் என்ன லாபம்?

அடுத்தது, மெஷினுக்கான ஜேசான். கருத்துரை எழுத இடமில்லாததை விட்டுவிடலாம். மெஷினுக்குக் கருத்து எதற்கு? எண்ணையாவது ஒழுங்காகச் சுமக்கிறதா?

ரவுட்டரின் பைட் கவுன்டர் 64 பிட். ஜேசான் பிறந்த வீடான ஜாவாஸ்கிரிப்டில் முழு எண் துல்லியமாக நிற்பது 9007199254740992 வரைக்கும்தான். 100 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் எட்டரை நாளுக்குள் பைட் கணக்கு இந்த எல்லையைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு கடைசி இலக்கங்கள் உத்தேசம்தான். இது தெரிந்துதான் 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7951, யாங் என்ற மாடல் மொழியில் வரையறுத்த தரவை ஜேசானில் எழுதும்போது 64 பிட் எண்களையெல்லாம் மேற்கோள்குறிக்குள் ஸ்ட்ரிங்காக அனுப்பு என்று விதித்தது. யாங் தரவை ஹெச்டிடிபி வழியாகத் தரும் ரெஸ்ட்கான்ஃபில் ஐஇடிஎஃப் மாடலின்படி ஓர் இன்டர்ஃபேஸின் புள்ளிவிவரத்தைக் கேட்டுப் பாருங்கள். 64 பிட் கவுன்டரான இன்-ஆக்டெட்ஸ் மேற்கோள்குறியோடு வரும். 32 பிட் கவுன்டரான இன்-டிஸ்கார்ட்ஸ் மேற்கோள்குறி இல்லாமல் வரும். ஒரே பதில், ஒரே கட்டம். பைத்தானில் இரண்டு இன்-ஆக்டெட்ஸைக் கூட்டிய புதியவருக்கு 100-உம் 200-உம் சேர்ந்து 100200 ஆகும். எக்ஸ்எம்எல்லில் எல்லாமே எழுத்துதான். எண் மாதிரி வேஷம் போட்டு அது யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஜேசான் எளிமையானது என்பதற்குச் சொல்லும் இன்னொரு காரணம், அதில் நேம்ஸ்பேஸ் தொல்லை இல்லையாம். அதே ஆர்எஃப்சி 7951-ஐத் திறந்தால், வேறு மாட்யூலிலிருந்து வரும் பெயருக்கு முன்னால் அந்த மாட்யூலின் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்க்கச் சொல்கிறது. மீசையை மழித்துவிட்டு ஒட்டு மீசை வைத்துக்கொண்ட கதை. யாங்கில் எம்ப்டி என்று ஒரு வகை உண்டு. இருக்கிறது என்று சொல்வதைத் தவிர அதற்கு மதிப்பு ஏதும் கிடையாது. எக்ஸ்எம்எல்லில் அது ஒரு வெற்று டேக். ஜேசானில் சதுர அடைப்புக்குள் ஒரு நல். எளிமையாம்.

கடைசியாக மியூசியம். 2002 ஜூனில் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில் நெட்வொர்க் நடத்துபவர்கள் உட்கார்ந்து, எஸ்என்எம்பியை வைத்துக் கான்ஃபிகரேஷன் வேலை பார்க்க முடியவில்லை என்று புலம்பினார்கள். 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3535-இல் அது பதிவாகியிருக்கிறது. அதன் தொடர்ச்சியாக 2006-இல் வந்தது நெட்கான்ஃப் நெறிமுறை. அது பேசுவது எக்ஸ்எம்எல் மட்டும்தான். தொலைவில் இருக்கும் ரவுட்டரில் ஒரு மாற்றத்தைக் கமிட் செய்து, உறுதிசெய்யாமல் விட்டால் 600 விநாடியில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி அதில் இருக்கிறது. தன் கையாலேயே தன் இணைப்பை அறுத்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே செய்தியில் ஒரு பகுதியை நீக்கு, பக்கத்துப் பகுதியைச் சேர் என்று டேக்கின் பண்பிலேயே எழுதிவிடலாம். ஜேசானில் அப்படிப் பண்பு எழுத இடமில்லை. அந்தக் குறையை ஈடுகட்டப் பெயருக்கு முன்னால் அட் குறி போடும் ஏற்பாட்டை ஆர்எஃப்சி 7952 தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"அது நெறிமுறையின் பெருமை, வடிவத்தின் பெருமை அல்லவே" என்று யாராவது குறுக்கிடலாம். இருக்கட்டும். அந்த நெறிமுறை பேசும் ஒரே வடிவத்தை மியூசியத்துக்கு அனுப்பியது நான் இல்லை. "ரெஸ்ட்கான்ஃப்தான் வந்துவிட்டதே" என்றும் சொல்வார்கள். 2017-இல் அதை வகுத்த ஆர்எஃப்சி 8040-ஐ வாசித்துவிட்டுப் பேசலாம். நெட்கான்ஃபின் எல்லா வசதியையும் ரெஸ்ட்கான்ஃப் தர வேண்டியதில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. போஸ்ட்மேனில் ஒரு கெட் அடித்துக் காட்டுவதோடு முடிகிற வகுப்பில் இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லைதான்.

சிஸ்கோவின் சிசிஎன்ஏ பாடத்திட்டத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்: அதில் ஜேசானை வாசிக்கத் தெரிய வேண்டும் என்றுதானே இருக்கிறது? ஆமாம். அதே நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த டெவ்நெட் அசோசியேட் தேர்வின் பாடத்திட்டம் எக்ஸ்எம்எல், ஜேசான், யாமல் மூன்றையும் ஒப்பிடச் சொல்லித்தான் தொடங்கியது. அந்த வரியை மட்டும் இவர்கள் ஸ்லைடில் போடுவதில்லை.

இந்தத் துறையில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மூன்று வடிவங்களில் எது கெட்டிக்காரன் என்ற பட்டிமன்றத்தில் உட்காராதீர்கள். எந்தப் புலம் எந்த வகை என்பது யாங் மாடலில் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கப் பழகுங்கள். பிறகு கைக்கு எட்டிய ஏதாவது லேப் ரவுட்டரில் நெட்கான்ஃபை இயக்கி, 830-ஆம் போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் போட்டுப் பாருங்கள். நீங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, தன்னால் என்னென்ன முடியும் என்ற பட்டியலோடு அது ஹலோ சொல்லும். அந்த ஹலோ எக்ஸ்எம்எல்லில்தான் வரும்.