காட்டுல பொக்லைன் விட்டா பழைய பானை வருதா? யாருக்குச் சொல்லணும்... சட்டம் என்ன சொல்லுது?

சோமனூர் சுற்றுவட்டாரத்தில் தறி ஷெட்டுக்கோ, சைட் போடவோ காட்டைச் சமன் செய்யும்போது பொக்லைன் ஒரு பழைய தாழியை உடைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மண்ணோடு மண்ணாக டிப்பரில் ஏறிப் போய்விடும். சிக்கலே அங்கேதான்.

ஏன் இந்தப் பகுதி முக்கியம்?

நொய்யல் கரை நெடுகப் பழைய ஊர்கள்தான். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் தொடங்கிப் பல முறை ரோமானியக் காசுகள் கிடைத்தன. சோமனூருக்குப் பக்கத்தில் உள்ள சூலூரில் கிடைத்த, குறிகள் பொறித்த பெருங்கற்கால மண் தட்டு ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் குறிகளை ஹரப்பா வில்லை ஒன்றுடன் ஒப்பிட்டு ஐராவதம் மகாதேவன் கட்டுரையே எழுதியிருக்கிறார். தன் ஊர்த் தட்டை நேரில் பார்க்க சூலூர்க்காரர் விசா எடுக்கணும்!

அதே நொய்யலோரமாகக் கிழக்கே போனால் ஈரோடு மாவட்டம் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது. பிறகு மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியது. தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலை, நூல் நூற்கும் தக்களி எல்லாம் வந்தன. அங்கே கல்மணிப் பட்டறை இருந்தது எப்படித் தெரிந்தது? முழு மணிகளால் மட்டுமல்ல. பாதி துளை போட்ட மணி, வெட்டிப் போட்ட கல் சில்லு எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்ததால்தான். அள்ளி மூட்டை கட்டியிருந்தால் அது வெறும் கல்.

சட்டம் இருக்கா?

இருக்கு. 1878-ம் ஆண்டு புதையல் சட்டம். மண்ணுக்குள் இருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை வரை உண்டு. அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் மூலப்பொருள் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும்.

தங்கக் காசுக்கு இது சரி. பானை ஓட்டுக்கு மூலப்பொருள் மதிப்பு என்ன? களிமண் விலை! எழுத்துள்ள ஓடு வரலாற்றையே மாற்றலாம். ஆனால் 146 வருஷத்துக்கு மேல் பழைய இந்தக் கணக்கில் அதற்குக் காசு கிடையாது. சொல்பவருக்கு லாபமில்லை, வேலை நிற்கும் பயம் மட்டும்தான் மிச்சம்.

'காடு போயிடுமோ' என்ற பயமும் உண்டு. ஓடு கிடைத்த உடனே பட்டா நிலம் அரசுக்குப் போய்விடாது. பாதுகாக்கப்பட்ட இடமாக்க அரசு முறைப்படி அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்க வேண்டும்.

கிடைத்தால் என்ன செய்வது?

பொக்லைனை நிறுத்துங்க. கழுவ வேண்டாம், எடுத்து வைக்கவும் வேண்டாம். கிடந்தபடியே போட்டோ எடுத்து, விஏஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்க. கோவை அரசு அருங்காட்சியகத்திலும் தெரிவிக்கலாம்.