மாத்திரைக்குள் ஒரு கல்கண்டு

நெய்யைக் காய்ச்சி இறக்கி மெள்ள ஆறவிட்டால் மணல் மணலாக உறைகிறது. சட்டென்று குளிர வைத்தால் வழவழவென்று ஆகிவிடுகிறது. நெய் அதே நெய்தான். உறைந்த விதம்தான் வேறு. மாத்திரையிலும் இதே கதைதான் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

"மாத்திரைன்னா மாத்திரைதானேம்மா, இதில் என்ன விதம்?" என்று கேட்டார் அடுத்த வீட்டு மாமி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மருந்தின் மூலக்கூறுகள் கல்கண்டு போல வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. ஒரே மருந்து இரண்டு மூன்று விதமாகவும் அடுக்கிக்கொள்ளலாம். ஒரு விதம் சுலபமாகக் கரையும். இன்னொன்று கரைய அடம் பிடிக்கும். கரையாத மருந்து உடம்பில் எப்படிச் சேரும்? எய்ட்ஸ் நோய்க்கான ரிட்டோனவிர் 1996-ல் விற்பனைக்கு வந்தது. 1998-ல் அதன் படிகம் திடீரென்று வேறு உருவம் எடுத்துக் கரைய மறுத்தது. காப்ஸ்யூல்களைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. அதையே நம்பியிருந்த நோயாளிகள் பாடு என்ன ஆகியிருக்கும், பாருங்கள்!

படிகத்தை நம் இஷ்டப்படி வளர்க்க முடியுமா? இங்கிலாந்தில் இதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஜொனாதன் ஸ்டீட் என்ற ரசாயனப் பேராசிரியர். 1995-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கி, 2004-ல் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? ஜெல்லி!

நாம் சைனா கிராஸ் போட்டுச் செய்கிறோமே, அது தண்ணீரை உறைய வைக்கும். இவருடைய ஜெல்லியில் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் லேசாகக் கைகோத்து இழையாகின்றன. இழைகள் சிக்குப் பிடித்த கம்பளி நூல் மாதிரி பின்னிக்கொண்டு திரவத்தைச் சிறைப்பிடிக்கின்றன. தண்ணீர் மட்டுமில்லை, வேறு பல திரவங்களும் இப்படி உறையும். உள்ளே அலையாட்டம் இல்லாததால் படிகம் நிதானமாக வளர்கிறது.

வளர்ந்ததை எடுப்பது எப்படி? தகுந்த உப்பு ஒன்றைச் சேர்த்தால் கோத்த கைகள் விட்டுப்போகும். ஜெல்லி நீர்த்துவிடும். படிகத்தை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். (சில மருந்துகள் உப்போடு தாங்களும் கரைந்துவிடும், அவற்றுக்கு இந்த வழி ஆகாது.) நமக்குப் பழக்கமான பாரஸிட்டமாலையும் வலிப்பு நோய்க்கான கார்பமஸெபினையும் இப்படி ஜெல்லியில் வளர்த்துக் காட்டி, 2010-ல் ஸ்டீட் குழுவினர் கட்டுரை வெளியிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? கார்பமஸெபின் மாத்திரை ஈரத்தை உறிஞ்சினால் அதன் படிகம் மாறி, மாத்திரை இறுகிப்போகும். வேலை செய்யும் சக்தியும் குறையும். வலிப்பு வரும் குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டு விஷயமா? ஆகவே மருந்து டப்பாவை அடுப்பு மேடையிலோ குளியலறை அலமாரியிலோ வைக்காதீர்கள். உலர்ந்த, வெயில் படாத, குழந்தைக்கு எட்டாத இடம் பாருங்கள். மாத்திரையைப் பட்டையிலிருந்து வேளைக்கு வேளை பிரித்தால் போதும். மூடியை இறுக மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அங்கே வையுங்கள். நிறமோ உருவமோ மாறியிருந்தால் கொடுக்காமல் மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி படாமல் காப்பாற்றுகிறோமே, அந்த அக்கறையில் பாதியை மருந்து டப்பாவுக்கும் கொடுங்கள். அது போதும்.