விதைக்குப் பூட்டா?

பாகூர் ஏரிப் பாசன உழவன் நற்கதிர் தெரிந்து, அடுத்த விதைப்புக்குக் கட்டிவைத்த விதைநெல்லே புதுமையின் தாய். அவ்வறிவுக்கு அவன் காப்புரிமை கேட்டானல்லன். இன்றோ, புதுமையைக் காப்பதாகச் சொல்லி விதையையே பூட்டுகின்றனர்!

மரபுமாற்றுப் பருத்தியின் உரிமத்தொகை குறித்து மான்சாந்தோவை உசாவப் போட்டி ஆணையம் 2016இல் ஆணையிட்டது. காப்புரிமையாளர் செயலை உசாவும் அதிகாரம் ஆணையத்திற்கு இல்லையெனத் தில்லி உயர்நயன்மன்றம் 2023இல் தடுத்தது. 2025இல் உச்சநயன்மன்றமும் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. ஒருவன் கையில் முற்றுரிமை, பிறர் கைகளில் கட்டு. புதுமை எங்ஙனம் முளைக்கும்?

2001ஆம் ஆண்டுப் பயிர்வகைக் காப்புச்சட்டம், விதையைச் சேர்த்துவைக்கவும் பகிரவும் விற்கவும் உழவனுக்கு உரிமை தருகின்றது. வணிகப்பெயரிட்டு விற்றலையே மறுக்கின்றது. வில்லியனூர், பாகூர் உழவர்காள்! அவ்வுரிமையைக் கைவிடாதீர்! விதை அயலான் கைப்பட்டால் விளைநிலமும் அடிமையே!