ஸ்டார்பக்ஸ் கிடக்கட்டும், ஏலக்காய்க்கு வாங்க

"பசங்க எழுதுற கேஸ் ஸ்டடியெல்லாம் குப்பை சார். ஹார்வர்டு கேஸை வாங்கி நடத்துனாத்தான் ஸ்ட்ராட்டஜின்னா என்னன்னு புரியும்." எம்பிஏ வகுப்பெடுக்கிற ஒரு வாத்தியார் எங்கிட்ட சொன்னது இது. காலேஜ் பேரெல்லாம் வேணாம். நான் பொட்டி தட்டுற இஞ்சினியர், எம்பிஏ வாசனையே கிடையாது. ஆனா போடிக்காரன். அந்த ஒரே தகுதியில இந்தப் பதிவு.

அவர் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. பசங்க எழுதறதுல முக்காவாசி குப்பைதான். என் சித்தி பையன் டாடா நானோவைப் பத்தி நாப்பது பக்கம் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் குடுத்தான். நானோவை அவன் தொட்டுக்கூடப் பாத்ததில்லை. பாதி விக்கிபீடியா, மீதி ஏஐ உபயம். கடைசியில நாலு கட்டம் கட்டி பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். நல்ல மார்க் வேற விழுந்துச்சு, அதுதான் கொடுமை.

ஆனா அது குப்பையானதுக்குக் காரணம் எழுதுனவன் மாணவன்ங்கறது இல்லை; நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லைங்கறதுதான். ஹார்வர்டுல 1920கள்ல இந்த முறையை வளத்தப்போ கம்பெனி கம்பெனியா ஆள் அனுப்பித்தான் எழுத வச்சாங்க. 1921ல வந்த அவங்க முதல் கேஸே ஒரு ஷூ கம்பெனி பத்தினது. 1993ல நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி பத்தி ஒரு கேஸ் போட்டாங்க, உலகம் பூரா நடத்தறாங்க. பக்கத்து ஊர்க் கதையை பாஸ்டன்லேர்ந்து டாலர் குடுத்து வாங்கிப் படிக்கிறோம். என்னத்தச் சொல்ல!

சரி, நம்ம ஊர்ச் சமாச்சாரத்துக்கு வருவோம். 2018ல வெள்ளம், அடுத்த கோடையில வறட்சி. காய் இல்லை. 2019 ஆகஸ்ட்ல இடுக்கி ஏலத்துல அதிகபட்ச விலை கிலோ 7000 ரூபாயைத் தொட்டுச்சு. 2022ல சராசரி ஆயிரத்துக்கும் கீழ. (உச்ச விலையையும் சராசரியையும் ஒப்பிடலாமான்னு சண்டைக்கு வராதீங்க. சராசரிக்குச் சராசரி பாத்தாலும் விழுந்தது விழுந்ததுதான்.) இந்த மூணு வருஷத்துல போடியில ஏலக்காய்க் கடை வச்சிருக்கிற ஒருத்தர் என்ன பண்ணியிருக்கணும்? சரக்கைப் பிடிச்சு வைக்கிறதா, வந்த விலைக்குத் தள்ளி விடறதா? வடநாட்டுப் பார்ட்டிக்குக் கடன்ல அனுப்பறதா? வளைகுடாவுல குவாத்தமாலா காய் விலை கம்மியா நிக்கும்போது, 8 எம்எம் காயை மட்டும் தனியா சலிச்செடுத்து கூட விலை கேக்கறதா? தோட்டக்காரர் பாடு இன்னும் மோசம். நட்ட செடி காய்க்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். விலை ஏறுனப்ப நட்டவர் விலை விழுந்தப்ப பறிக்கிறார். இதைவிடப் பெரிய ஸ்ட்ராட்டஜி பாடம் எந்த சியாட்டில்ல இருக்கு?

போர்ட்டர் 1979ல சொன்ன அஞ்சு விசைப் படத்தைத் தூக்கிட்டு வந்து எங்க ஏல மையத்துல வச்சுப் பாருங்க. விக்கிறவருக்கு ஒரு பெட்டி, வாங்குறவருக்கு ஒரு பெட்டி. ஏலத்துல எடுத்த காயே திரும்ப ஏலத்துக்கு வருதுன்னு, ரீபூலிங்னு பேர் வச்சு, விவசாயிங்க வருஷக்கணக்கா புகார் சொல்றாங்க. அப்போ வாங்குறவரேதான் விக்கிறவர். எந்தப் பெட்டியில போடுவீங்க? ஸ்பைசஸ் போர்டு ஏலத்தைக் கம்ப்யூட்டருக்கு மாத்திடுச்சு, வியாபாரிங்க பட்டனை அமுக்குறாங்க. ஆனா சாம்பிள் பாக்கெட்டைப் பிரிச்சு, உள்ளங்கையில கொட்டி, நிறம் பாத்து, நசுக்கி மோந்து பாக்கறது மட்டும் மாறலை. மென்பொருள்காரனுக்கு இதுவே தனி கேஸ்.

"முதலாளி உண்மைக் கணக்கைக் காட்டுவாரா?"ன்னு வாத்தியார் கேட்டார். காட்டமாட்டார்தான். ஏல விலையை ஸ்பைசஸ் போர்டே போடுதே! அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தா சுமாரா ஒரு கிலோ. பறிகூலி, உரம், மருந்து, ஸ்டோர்ல காயவைக்கிற செலவு எல்லாம் விசாரிச்சா தெரியும். பசங்க கீழேருந்து கூட்டிட்டு வரட்டும். அது முதலாளி சொல்றதோட ஒட்டலைன்னா, அங்கதான் கேஸே ஆரம்பிக்குது.

என் பயம் வேற. முதலாளி டீ வாங்கிக் குடுத்து "சின்ன வயசுல சைக்கிள்ல மூட்டை கட்டிட்டுப் போவேன் தம்பி"ன்னு ஆரம்பிச்சா பசங்க உருகிடுவாங்க. கேஸ் ஸ்டடி முன்னேற்றக் கட்டுரை ஆயிடும். அதனால குடோன்ல காய் பொறுக்குற அக்காங்க கிட்டயும், விடியறதுக்குள்ள ஜீப்ல போடிமெட்டு ஏறிப் போறவங்க கிட்டயும் பேசாம எழுதுனதுக்கு முட்டை மார்க். முதலாளி எடுத்த முடிவு சரின்னு முன்கூட்டியே எழுதிட்டு வந்தாலும் முட்டைதான். முடிவெடுக்கறதுக்கு முந்தின நாளோட கேஸை நிறுத்தணும், மீதியை வகுப்புல அடிச்சுக்கட்டும்.

வாத்தியாரோட கடைசிச் சாக்கு, போக்குவரத்து. 2010 கடைசியில நிறுத்துன மதுரை - போடி ரயில் 2023 ஜூன்லேர்ந்து மறுபடி ஓடுது சார்.