அம்மாவே டீச்சர் என்றால், பிள்ளை யாரிடம் போய் அழும்?

பள்ளியில் டீச்சர் திட்டினால் பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும். அம்மா சமாதானம் செய்வார், அல்லது ‘நீ என்ன பண்ணினே?’ என்று கேட்பார். எப்படியும் சொல்ல ஓர் ஆள் உண்டு. அம்மாவே டீச்சராக இருக்கும் வீட்டில்?

அமெரிக்காவில் பல கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்றாடச் சிக்கல் இது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க அங்கே 50 மாநிலங்களிலும் சட்டம் அனுமதிக்கிறது. 1980-களில் இருந்து இந்த ஹோம்ஸ்கூலிங் வளர்ந்ததில், பைபிள் வழியில் பிள்ளை வளர்க்க நினைத்த பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. கொரோனா காலத்தில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

காலையில் பின்னக் கணக்கில் தொடங்கும் பிடிவாதம் மதியச் சாப்பாடு வரை நீளும். ‘இது தப்பு’ என்று அம்மா சொன்னால், ‘உன்னைப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளையின் காதில் விழும். அம்மாவுக்கும் மணியடித்து முடிகிற வேலை இல்லை. இதில் இன்னொரு சுமையும் உண்டு. கர்த்தர் கொடுத்த பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டதில் சலிப்பு வந்துவிட்டால், அதைச் சபையில் வாய்விட்டுச் சொல்லவே கூச்சம்.

சொன்னதும் கீழ்ப்படிய வேண்டும், அதுவும் சிரித்த முகத்தோடு என்று கேட்கும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளை மன உறுதியைக் கற்பதில்லை, முகத்தை மறைக்கத்தான் கற்கும். இத்தனைக்கும் சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் புலம்பல்கள் ஏராளம். கடவுளிடமே கோபமாக முறையிடும் பாடல்களை வைத்திருக்கும் வேதம் அது!

இந்தக் குடும்பங்கள் அடிக்கடி முன்மாதிரியாகச் சொல்லும் பெயர், சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. இங்கிலாந்தின் எப்வொர்த் கிராமத்தில், 300 வருடங்களுக்கு முன் வீட்டிலேயே பள்ளி நடத்தியவர். 19 பிள்ளைகள் பெற்றார், பிழைத்து வளர்ந்தவர்கள் பத்துப் பேர். தினமும் ஆறு மணி நேரப் பாடம். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து, சத்தமில்லாமல் அழப் பழக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். இன்று படித்தால் நெஞ்சு பதறும்.

1709-ல் வீடு தீப்பிடித்து எரிந்தது. மேல்மாடியில் சிக்கிய ஐந்து வயது ஜானை ஜன்னல் வழியாக மீட்டார்கள். புது வீடு கட்டும்வரை பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்து, பழக்கம் மாறித் திரும்பினார்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து, 1712-ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சூசன்னா ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறார். தினமும் இரவு ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச்சு. செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. மூத்த பெண்கள் இருவருக்கும் சேர்த்து ஞாயிறு. பேச்சு பெரும்பாலும் பக்தி சம்பந்தப்பட்டதுதான். ஆனாலும் அந்த நேரத்தில் அம்மா ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும்.

வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும், தனக்குக் கொடுத்த அந்த வியாழன் மாலையை நினைவுபடுத்தி ஜான் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பிரம்புக்கு ஏங்கி அவர் எழுதியதாகத் தெரியவில்லை!

அந்த மாலைகள் எல்லாவற்றையும் தீர்த்துவிடவும் இல்லை. பெரியவளான ஹெட்டி, ஒருவரை நம்பி வீட்டைவிட்டுப் போய் ஏமாந்து திரும்பினாள். அப்பா கடைசிவரை மனம் இரங்கவில்லை.

இன்றைய குடும்பங்களில் பல, ‘கோ-ஆப்’ என்று வாரம் ஒருநாள் சர்ச் ஹாலில் கூடுகின்றன. ஓர் அம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவியல் எடுப்பார், இன்னொருவர் ஓவியம். பாடத்தைவிட, பிள்ளைக்கு வேறொரு பெரியவர் கிடைப்பதுதான் இதில் பெரிய லாபம். வீட்டில் அம்மாவோடு முட்டிக்கொண்ட கணக்கைப் பக்கத்துக் குடும்பத்து ஆன்ட்டியிடம் அமைதியாகப் போட்டுக் காட்டும். அந்த ஒரு மணி நேரம், ஹாலின் பின்வரிசையில் அம்மாவும் டீச்சராக இல்லாமல் காபி குடிக்கலாம்.