தெரிந்து கொள்வோம்: கையை மீறும் ஸ்டியரிங்

நான்கு சக்கரத்தையும் இயந்திரமே சுழற்றும் கார் எப்போதும் நேராகத்தான் பாயுமென்று எண்ணாதீர்கள். எண்ணெயை ஓங்கி மிதித்தால் ஸ்டியரிங் கையை மீறி இழுப்பதுண்டு.

2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காருக்கு ஏறக்குறைய 300 குதிரைத் திறன். சாதாரண ஓட்டத்தில் அதை இழுப்பவை பெரும்பாலும் முன்சக்கரங்களே. பின்சக்கரங்களுக்குத் தேவைக்கேற்ப ஒரு கிளட்ச் வழியே விசை போகும். திரும்புகிற முன்சக்கரங்களே இழுக்கவும் செய்வதால், இடது வலது டயர்களின் பிடி சற்று வேறுபட்டாலும் ஸ்டியரிங் அதைக் காட்டிவிடும். தேய்ந்த டயர், சமமில்லாத காற்று, சாலையோரத் தண்ணீர் எல்லாம் காரணமாகும்.

பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளை இப்படியொரு கார் வாங்கினால் சொல்லி வையுங்கள்: “டயர்களைக் கவனி. லாரியை முந்தும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். இழுத்தால் வெட்டித் திருப்பாதே. மிதியை மெல்லத் தளர்த்து.”

விசை கூடினால் நிதானமும் கூட வேண்டும்.