கூர்முனை இல்லாத கிராதி



தென் லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்தோட்டத்துக் குட்டைச் சுவரின்மேல், வெட்டுண்ட இரும்புக் கட்டைகள் வரிசையாய்த் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-களின் தொடக்கத்தில், இந்நாட்டு வீடுகளின் இரும்புக் கிராதிகள் போர்த்தேவைக்கென்று அறுத்தெடுக்கப்பட்டன. அவற்றின் எச்சமே அவை. சென்ற கோடையில், வெல்டிங் தொழில் அறிந்த நம் சபைச் சகோதரர் ஒருவர் கற்றுத்தர, அவ்விடத்தில் ஒரு புதிய கிராதியை நானே செய்து நிறுத்தினேன்.

கிராதியைக் கடையில் வாங்குகிறவன் விலையைக் கேட்கிறான். தன் கையால் செய்கிறவனோ ஒவ்வோர் அளவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உயரம் எவ்வளவு? வாகனங்கள் செல்லும் தெருவை ஒட்டிய வேலி, சுவரையும் சேர்த்து ஒரு மீட்டரைத் தாண்டினால் இங்கே அனுமதி பெறவேண்டும். கம்பிகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு? பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் சிறு குழந்தையின் தலை அகப்படாது. சட்டத்தை முதலில் புள்ளி புள்ளியாய்ப் பற்றவைத்து, மூலைமட்டம் பார்த்து, அதன்பின்னரே முழுவதும் பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெப்பத்தில் சட்டம் கோணிவிடும். இவற்றையெல்லாம் பொறுமையாகவே செய்தேன்.

ஒன்றில் மட்டும் தவறினேன். அழகு கருதிக் கம்பிகளின் உச்சியில் ஈட்டிமுனைகளை வைத்தேன். மூன்றாம் வாரம், அண்டை வீட்டுச் சிறுவன் எங்கள் தோட்டத்தில் விழுந்த பந்தை எடுக்கக் கிராதிக்கு மேலாய்க் கை நீட்டினான். அவன் உள்ளங்கை கிழிந்தது. அவனுடைய தாய் என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனமே என்னை உறுத்தியது. அன்று மாலையே கிரைண்டரை எடுத்து, முனைகள் அனைத்தையும் வெட்டி, மேலே ஒரு பட்டைக் கம்பியை வைத்துப் பற்றவைத்தேன்.

உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்ற கட்டளை உண்டு. அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் அந்தச் சுவர் வீட்டுக்காரனின் உடைமையைக் காப்பதற்கன்று, அவன் வீட்டிலிருந்து வேறொருவன் விழுந்து மடியாதபடி காப்பதற்கே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நம் வீட்டால் பிறனுக்கு நேரும் தீங்குக்குக் கர்த்தர் நம்மிடத்தில் கணக்குக் கேட்கிறார்.

"அப்படியானால் கள்வருக்கு அஞ்சவேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு மீட்டர் உயர வேலியைத் திருட வருகிறவன் எளிதில் தாண்டிவிடுவான். அதன் ஈட்டிமுனை குத்துவது அறியாத பிள்ளையைத்தான். ஆகவே என் கருத்து இதுவே: வேலி வேண்டும், எல்லையும் வேண்டும். ஆனால் காயப்படுத்தும் வேலி விசுவாசியின் வாசலுக்குத் தகாது.

தென் லண்டனின் சில பழைய குடியிருப்புகளுக்கு முன்னே, கம்பிவலை பொருத்திய விசித்திரமான கிராதிகளை நீங்கள் கண்டிருக்கலாம். அதே போர்க்காலத்தில், குண்டுவீச்சில் அடிபட்டோரைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்ட இரும்புத் தூக்குப்படுக்கைகள் அவை. போர் முடிந்தபின் அவற்றை வேலியாக நிறுத்தினார்கள். தரையில் வைப்பதற்கான கால்வளைவுகள் இன்றும் அவற்றில் தெரிகின்றன. வேலியாயிருந்த இரும்பைப் போர் கேட்டது. காயப்பட்டவரைத் தாங்க வந்த இரும்போ பின்னர் வேலியாயிற்று. நம் வாசலில் நிற்கவேண்டியது இந்த இரண்டாம் வகை இரும்பே.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வாசலுக்கு வெளியே சென்று, தெருவிலிருந்து உங்கள் வேலியைப் பாருங்கள். அதைப்போலவே உங்கள் நாவையும் அண்டை வீட்டார் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். கூர்மையான முனை தென்பட்டால், ஒரு பிள்ளையின் கை கிழியும்வரை என்னைப்போல் காத்திராதேயுங்கள். கர்த்தர் உங்கள் வாசல்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.